வெள்ளிக்கிழமை 40 நிமிடத்தில் அடங்காதது

மான்டிசோரி பள்ளிகளை நடத்துபவர்களுக்கும், 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளின் வகுப்பில் வழிகாட்டிகளாக, அதாவது ஆசிரியர்களாக, இருப்பவர்களுக்கும்,

வணக்கம். என் மகள் 3 வயதில் மான்டிசோரி வகுப்புக்குள் போனவள், இப்போது அவளுக்கு 14. இளஞ்சிவப்புக் கோபுரத்தின் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அடுக்கிய கைதான் இன்று அறைக்கதவை உள்ளேயிருந்து தாழ்போடுகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, வயசு அப்படி. வருத்தம் வேறு.

சின்னப் பிள்ளைகளின் வகுப்பில் மனசு சம்பந்தப்பட்ட எதையும் நீங்கள் தனிப் பாடமாக நடத்தியதே இல்லை. அலமாரியில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், இன்னொரு பிள்ளை எடுத்திருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும், பொறுமை அப்படித்தான் வந்தது. பேசிக்கொண்டிருப்பவரின் தோளில் கை வைத்துக்கொண்டு தன் முறைக்காக நிற்பது, நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைப்பது, சண்டை வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற அமைதி மேசைக்குப் போவது என்று எல்லாமே வேலையோடு வேலையாக நடந்தது. அப்படிக் கற்றுக்கொடுத்த நீங்கள், பிள்ளைக்கு 12 முடிந்ததும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 'சமூக உணர்வுக் கற்றல்' என்று 40 நிமிடம் ஒதுக்கி, ஆறு முகங்கள் அச்சடித்த தாளை நீட்டி, இன்று உன் மனநிலை எது, வட்டமிடு என்கிறீர்களே, ஏன்? என் மகள் எல்லா வாரமும் சிரித்த முகத்தையே வட்டமிடுகிறாளாம். மற்றதை வட்டமிட்டால் காரணம் எழுதச் சொல்வார்கள் என்றாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி மனித வளர்ச்சியை ஆறாறு ஆண்டுகள் கொண்ட நான்கு கட்டங்களாகப் பார்த்தவர். 12 முதல் 18 வரையிலான மூன்றாவது கட்டம், பிறந்த குழந்தையின் முதல் கட்டத்தைப் போலவே நொய்ந்தது என்றார். அந்த வயதில் படிப்பில் ஒரு தொய்வு வரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதற்கு அவர் சொன்ன வழி எர்ட்கிண்டர், அதாவது மண்ணின் பிள்ளைகள்: பிள்ளைகள் நிலத்தோடு சேர்ந்து வாழ்ந்து, விளைவித்ததை விற்று, ஒரு கடையும் வருகிறவர்கள் தங்க ஒரு விடுதியும் நடத்த வேண்டும். விவசாயி ஆக்குவதற்காக அல்ல. நாலு பேரோடு சேர்ந்து உழைத்து, தன் கையால் ஈட்டி, 'நான் எதற்காவது உதவுவேன்' என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே கண்டுகொள்வதற்காக. பாடத்திட்டமே அதுதான். ஓரத்தில் ஒட்டவைத்த வகுப்பு அல்ல.

எல்லாப் பள்ளிக்கும் பண்ணை வாங்க முடியாது, சரி. பலர் அதற்குப் பதிலாகப் பிள்ளைகளை ஒரு சிறு தொழில் நடத்த வைக்கிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் தேர்வு நெருங்கியதும் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். (போர்ஷன் முடிந்ததா என்று கேட்டுக் கேட்டு உங்களை அந்த இடத்துக்குத் தள்ளியதில் பெற்றோராகிய எங்களுக்கும் பங்கு உண்டு, நான் உட்பட.)

என் மகளின் வகுப்பில் நாற்று வளர்த்து விற்கிறார்கள். கணக்கு அவள் பொறுப்பு. ஒரு நாள் மாலை விற்ற நாற்றுக்கும் பெட்டியிலிருந்த பணத்துக்கும் ஒத்துவரவில்லை. மூன்று முறை எண்ணியும் அதே தொகைதான் குறைந்தது. ஒருத்தி இன்னொருவனைப் பார்த்தாள், அவன் முகம் சிவந்து, 'என்னை ஏன் பார்க்கிறே' என்று கத்தினான், என் மகள் அழத் தொடங்கினாள். அப்போது வழிகாட்டி தன் பணப்பையைத் திறந்து, குறைந்ததைப் பெட்டியில் போட்டு, 'விடுங்கப்பா, முடிஞ்சுது' என்றாராம்.

நல்ல மனசோடு செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சமூக உணர்வுக் கற்றலைப் பள்ளிகளில் பரப்புவதற்காக 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய கேசல் அமைப்பு அதற்கு ஐந்து கூறுகளைச் சொல்கிறது: தன்னை அறிதல், தன்னை அடக்கி நடத்துதல், பிறர் நிலையை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல். உங்கள் வெள்ளிக்கிழமைத் தாள்கள் இந்த ஐந்தையும்தானே துரத்துகின்றன? ஐந்தும் அந்தச் சாயங்காலம் அந்த மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தன. அந்தப் பையனை இன்றுவரை இரண்டு பேர் சந்தேகிக்கிறார்கள், அவனுக்கும் அது தெரியும்.

இதே வழிகாட்டி வேறொரு சமயம் அருமையாக நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். வகுப்புக் கூட்டத்தில் பேச வேண்டியதை எழுத ஒரு நோட்டு ஆணியில் கயிற்றோடு தொங்கும். பெற்றோர் வரும் நாளில் புரட்டினேன். பென்சிலில் எழுதிய ஒரு வரியை யாரோ அழித்திருந்தார்கள், தாள் மெலிந்து மறுபக்கத்து எழுத்து தெரியும் அளவுக்கு. இருந்தும் 'கூப்பிடாதீங்க' என்ற சொல் தடவிப் பார்த்தால் தெரிந்தது. பட்டப்பெயர் விவகாரம் என்றாள் மகள். வழிகாட்டி அதைக் கூட்டத்தில் எடுக்கவே இல்லையாம். அந்தப் பிள்ளையைத் தன்னோடு மண் சலிக்கக் கூட்டிப்போய், இரண்டு நாள் வெறுமனே மண் மட்டும் சலித்தாராம். மூன்றாம் நாள் பிள்ளையே பேசியிருக்கிறது. எதிரே உட்கார வைத்துக் கேட்டால் வாய் திறக்காத வயசு, பக்கத்தில் நின்று வேலை செய்தால் தானாக வரும்.

நான் கேட்பது கொஞ்சம்தான். கூட்டத்தைப் பிள்ளைகளே நடத்தட்டும், பெரியவர்களும் அந்த நோட்டில் எழுதிவிட்டுத் தங்கள் முறைக்குக் காத்திருங்கள். மதிப்பெண் அட்டையில் 'உணர்ச்சிக் கட்டுப்பாடு: பி பிளஸ்' என்று போடுவதை நிறுத்துங்கள், அதைப் பார்த்து யாருக்கும் கட்டுப்பாடு வந்ததில்லை. எல்லார் முன்னாலும் கிண்டலடித்துத் திருத்தாதீர்கள். 5 வயதில் மறந்துபோகும், 13 வயதில் போகாது. பிள்ளை நம்பிச் சொன்னதைப் பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் ஒப்பிக்க வேண்டாம். ஆனால் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிற பேச்சோ, யாரோ துன்புறுத்துகிற பேச்சோ வந்தால் ரகசியம் காக்கிற வேலையே கூடாது. அன்றைக்கே உளநல ஆலோசகரிடம் போக வேண்டும், அப்படிப் போகும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும்.

அப்புறம், நிர்வாகத்தில் இருப்பவர்களே, 3 முதல் 6 வயதுக்குப் பயிற்சி பெற்றவரை ஆள் இல்லை என்று பெரிய பிள்ளைகளிடம் அனுப்பிவிட்டு மனசைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் எப்படி? இந்த வயதுக்கென்று பயிற்சி இருக்கிறது, அதற்கு அனுப்புங்கள். நாளெல்லாம் இருபது பேரின் கோபத்தையும் அழுகையையும் வாங்கிக்கொள்கிறவருக்கு, வாரத்தில் ஒரு மணி நேரமாவது தன் பாரத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். பணப்பையைச் சட்டென்று திறந்ததற்கு, அவர் அன்று களைத்திருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்காது.

அடுத்த மாதம் மறுபடி நாற்று விற்பனையாம். கணக்கு இந்த முறையும் என் மகள்தான், அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். பணம் குறைந்தால் குறையட்டும். எத்தனை நாள் ஆனாலும் அவர்களே உட்கார்ந்து தீர்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் மட்டும் இருங்கள்.

இப்படிக்கு,
14 வயதுப் பெண்ணின் அம்மா