கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதே

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை கோத்தகிரியில் பார்த்து வைத்திருக்கும் பழைய பிக்கப்பின் போட்டோ எல்லாம் வந்தது. பெயிண்ட் பளபளக்கிறது, சீட் கவர் புதிது, டயரும் பரவாயில்லை. "வண்டி அதிகம் ஓடல மாமா, கிளட்ச் நல்லாத்தான் இருக்கும்" என்றார். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே சிக்னல் போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச், அதன் உள்ளே உரசித் தேய்வது பிளேட். கிளட்சுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. எவன் கால் அதன்மேல் இருந்தது என்பதுதான் கணக்கு. இங்கே துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு பண்ருட்டி, நெய்வேலி என்று சமதரையில் ஓடுகிற வண்டியில், பெடலில் கால் வைத்தபடியே ஓட்டாத டிரைவராக இருந்தால், ஒரு பிளேட் பல வருடம் வரும். அதே வண்டி உங்கள் மலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு, மேட்டில் பிரேக் போடாமல், பெடலைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்சிலேயே நின்று நின்று ஏறினால், மீட்டர் பாதி ஓடும் முன்பே பிளேட் போய்விடும். மீட்டரைத் திருப்பி வைப்பவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதி என்ற சான்று, இருக்கிறதே என்பார்கள். எஃப்.சி.யில் யாரும் கியர் பாக்ஸை இறக்கி பிளேட்டைப் பார்ப்பதில்லை.

விற்கிறவரிடம் மாப்பிள்ளை பேச்சு கொடுக்கட்டும். வண்டியை நீ ஓட்டு.

முதலில் வண்டி ஓடாமல் நிற்கும்போதே பெடலைக் கையால் அழுத்திப் பார். மேலே கொஞ்ச தூரம் லேசாக, எதிர்ப்பே இல்லாமல் போகவேண்டும். அந்த ஃப்ரீ ப்ளே இல்லையென்றால், பிளேட்டை இறுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதைத் தளர்த்துவது ரிலீஸ் பேரிங்; நீ காலை எடுத்த பிறகும் அந்த பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட் நன்றாக இருந்தாலும் வண்டி ஸ்லிப் ஆகும், அதாவது பிளேட் வழுக்கி இன்ஜின் ஓட்டம் சக்கரத்துக்கு முழுசாகப் போகாது. இது அட்ஜஸ்ட்மெண்டில் சரியாகிற விஷயம், செலவே இல்லை. பெடல் கம்பியால் இழுக்கிற கேபிள் கிளட்ச் என்றால் அட்ஜஸ்ட் பண்ணும் நட்டையும் பார்த்துவிடு. மரை கடைசிவரை திருகியிருந்தால் பிளேட்டும் கடைசிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

கேபிள் வண்டியில் பிளேட் தேயத் தேய, பெடல் மேலே வந்த பிறகுதான் வண்டி நகரும். கம்பிக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஆயில் கிளட்சில் இதை நம்பாதே. தேய்மானத்தை சிலிண்டரே ஈடுகட்டிவிடும், பெடல் பழைய இடத்திலேயே பிடிக்கும், பிளேட் மட்டும் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும்.

அப்புறம் ஓட்டிப் பார்ப்பது. விற்கிறவர்கள் காலையில், குளிர்ந்த வண்டியைக் காலியாகக் கொடுப்பார்கள். குளிர்ந்த பிளேட் யோக்கியமாகப் பிடிக்கும். சூடேறிய பிறகுதான் வழுக்கும். அரை மணி நேரமாவது ஓட்டு, நாலு மூட்டை ஏற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. நேரான ரோட்டில் டாப் கியரில் நாற்பது வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதி. இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறினால் சரி. சத்தம் மட்டும் உய்ய்யென்று எகிறி, வண்டி அப்படியே போனால் ஸ்லிப். ஃபர்ஸ்ட், செகண்டில் இது தெரியாது, அங்கே வண்டி சுலபமாக நகர்ந்துவிடுவதால் கிளட்சுக்குப் பாரம் குறைவு. இங்கே நாங்கள் கேப்பர் மலை ஏற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம், கடலூரில் மேடு என்று சொல்ல அதுதான் இருக்கிறது. உனக்கு அந்தப் பஞ்சம் இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஃபுட் பிரேக்கும் மிதித்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடும் வழியும் உண்டு. நல்ல பிளேட் என்றால் இன்ஜின் டக்கென்று ஆஃப் ஆகும். இழுத்து இழுத்து நின்றால் சந்தேகம், ஆஃப் ஆகவே இல்லையென்றால் சந்தேகமே இல்லை. முன்னால் ஆள் நிற்கக் கூடாது. ஒரே ஒரு தடவை பண்ணு. மாப்பிள்ளை ஆர்வத்தில் திரும்பத் திரும்பப் பண்ணினால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

சத்தத்தில் குழம்பாதே. பெடலை மிதிக்கும்போது மட்டும் கிர்ரென்றால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் சத்தம் வந்து, மிதித்தால் நின்றால் கியர் பாக்ஸ் பக்கத்து பேரிங். அது இன்னும் பெரிய செலவு. ரிவர்ஸ் கர்ரென்று விழுந்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம், சிலிண்டரில் லீக்கோ காற்றோ இருக்கலாம். வண்டி நகரும்போது உதறினால், பிளேட்டில் ஆயில் பட்டிருக்கும், இல்லை பிளேட் உரசுகிற இன்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீல் சூட்டில் கெட்டிருக்கும். கியர் பாக்ஸும் இன்ஜினும் சேருமிடத்தில் அடியில் விரல் வைத்துப் பார், ஈரம் இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் ஆயிலில் ஊறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்லிப் ஆகும் வண்டி ஏற்றத்தில் திணறும், அதோடு போகாது. கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது செகண்ட் கியரில் இன்ஜின்தான் வண்டியைப் பிடிக்கவேண்டும். கிளட்ச் வழுக்கினால் அந்தப் பிடி குறையும், பாரமெல்லாம் பிரேக்கில் விழும். சமதரை டிரைவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, எனக்கும் இருந்ததில்லை. அதனால் "கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மாத்திக்கலாம்" என்ற பேச்சு வேண்டாம்.

கிளட்ச் தேய்ந்தது என்பதற்காக வண்டியையே விட்டுவிடவும் வேண்டாம். சேஸிஸ் துரு இல்லாமல், இன்ஜின் புகை இல்லாமல் இருந்தால் வாங்கலாம். விலையில் குறைத்துக்கொள். பிளேட் மட்டும் மாற்றுகிற கணக்கைக் காட்டுவார்கள், ஒத்துக்கொள்ளாதே. கியர் பாக்ஸை இறக்கும் கூலியே பெரிது. இறக்கியது இறக்கியபடி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக மாற்றவேண்டும், ஃப்ளைவீலையும் பார்த்துவிட வேண்டும். அங்குள்ள மெக்கானிக்கிடம் கூலியோடு மொத்தத் தொகை கேட்டு, அதை விலையில் கழி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் போன் பண்ணு. டாப் கியரில் மிதிக்கும்போது மாப்பிள்ளையை வீடியோ எடுக்கச் சொல், மீட்டர் முள்ளும் சத்தமும் சேர்ந்து வரட்டும். அம்மா நெத்திலிக் கருவாடு காய வைத்திருக்கிறாள், வண்டி முடிந்தால் கொண்டுவருகிறேன், முடியாவிட்டாலும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அப்பா