மாத்திரை ஊருக்கே வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனநல சிகிச்சையில் ஏற்பட்டுள்ள முன்னேற்றம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் சொன்ன பாராட்டு நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணை அழைத்துக் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

பேசி முடித்தபின் மருந்துக்கு எங்கே போவது?

என் தம்பிக்குப் பல ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். மாதாமாதம் அம்மா கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்று ஜன்னலை அடைந்தால், சில மாதங்களில் "இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வாங்க முடியாத மாதத்தில் முதலில் அவனுக்குத் தூக்கம் போகிறது. பிறகு சோற்றில் ஏதோ கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறான். 'செய்வினை' என்று உறவினர்கள் பேச ஆரம்பிப்பதும் அப்போதுதான். தர்காவுக்கும் கோயிலுக்கும் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நாங்களும் போயிருக்கிறோம். மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேண்டுதலும் மருந்தும் சேர்ந்தே நடக்கும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள்.

அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி அதற்கு மேலுள்ள அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 'எந்நேரமும்' என்பதை அரசு முதலில் நிறைவேற்றட்டும். அதோடு நின்றுவிடவும் கூடாது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. நோய் கட்டுக்குள் இருக்கும் மனநோயாளிகளுக்கும் அப்படியே தரலாமே? மாதந்தோறும் மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டிய நிலையில் எல்லோரும் இல்லை. மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே அதைப் போடலாம். அந்தச் செவிலியருக்குப் பயிற்சியும், அங்கே தடையில்லாத இருப்பும் வேண்டும் என்று தங்கள் இதழ் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி