பாப்பாவை பதினொன்றாவதில் சேர்ப்பதற்கு முன்

அண்ணா,

போனில் பேசினால் இரண்டு பேரும் சத்தம் போட்டுவிட்டு வைத்துவிடுவோம், அதனால் எழுதுகிறேன். பத்தாவது ரிசல்ட் வந்த எத்தனையோ வீடுகளில் இப்போது இதே பேச்சுதான் ஓடுகிறது, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். பாப்பாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டேன்.

அவள் பயோ-மேத்ஸ் எடுக்கச் சம்மதித்துவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். சம்மதிக்கவில்லை அண்ணா, உங்கள் முகம் வாடக்கூடாது என்று தலையாட்டியிருக்கிறாள். எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக நின்ற படம் இன்னும் உங்கள் ஹாலில் தொங்குகிறது, வருகிறவர்களிடமெல்லாம் "எங்க டாக்டரம்மா" என்று நீங்கள் காட்டுவதைக் கேட்டே வளர்ந்தவள். ஒருநாளும் அவளை நீங்கள் அதட்டியதில்லை, அது உண்மை. அதட்டுகிற அப்பாவிடமாவது எதிர்த்துப் பேசலாம், இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற அப்பாவிடம் எப்படிப் பேசுவாள்?

சயின்ஸ் எடுத்தால் பின்னால் காமர்ஸுக்கும் போகலாம், காமர்ஸ் எடுத்தால் டாக்டருக்குப் போக முடியாது என்கிறீர்கள். சரிதான். ஆனால் அந்த இரண்டு வருஷமும் நீட் கோச்சிங், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட், மார்க் எவ்வளவு என்று சொந்தக்காரர்கள் விசாரிப்பு, கிடைக்கவில்லை என்றால் ரிப்பீட்டர் பேட்சில் இன்னொரு வருஷம். நீட்டில் 720-க்கு 360 உயிரியலுக்கே போகிறது. பத்தாவதில் அந்தப் பகுதியை அவள் என்ன பாடுபட்டுப் படித்தாள் என்று அண்ணிக்குத் தெரியும்.

லீவில் கடையில் உட்கார்ந்து கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக ஜி.எஸ்.டி. 2பி பட்டியலோடு (விற்றவர்கள் ஏற்றிய பில்கள் அதில்தான் வரும்) ஒத்துப் பார்த்து, பெயிண்ட் டீலர் ஒரு பில்லை ஏற்றாமலே விட்டதைக் கண்டுபிடித்தது யார்? அது கண்ணில் படாமல் போயிருந்தால் நீங்கள் கொடுத்த வரி உங்களுக்கு வரவு வந்திருக்காது. அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த குஷி!

அவளுக்கு சி.ஏ., அதாவது ஆடிட்டருக்குப் படிக்க ஆசை. லேசான படிப்பு இல்லை, ஃபவுண்டேஷனில் 4 பேப்பர், இன்டர்மீடியட்டில் 6, ஃபைனலில் 6, நடுவில் 2 வருஷம் ஆடிட்டரிடம் பயிற்சி (ஆர்ட்டிகிள்ஷிப்), பலபேர் திரும்பத் திரும்ப எழுதித்தான் தாண்டுகிறார்கள். அவளும் ஃபெயில் ஆகலாம். பிடித்த பாடம் என்றால் மறுபடி உட்கார்ந்து எழுதுவாள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி டாக்டர் கிடைக்காமல் நாம் அலைந்ததில் உங்களுக்கு வந்த ஆசை இது. எனக்கும் அந்த ராத்திரி மறக்காது. ஆனால் அவள் தாத்தாவைப் பார்த்ததுகூட இல்லையே அண்ணா, அந்த பாரத்தை அவள் தலையில் ஏற்ற வேண்டாம்.

திங்கட்கிழமை அட்மிஷன் பாரம் கொடுக்கிறார்களாம். அதற்குள் ஒரு சாயங்காலம் கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு அவளைத் தனியாக வெளியே கூட்டிப்போய், நீங்கள் எதுவும் சொல்லாமல், என்ன படிக்க ஆசை என்று மட்டும் கேளுங்கள். அதே ஸ்கூலில் காமர்ஸ் குரூப்பில் இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன்.

உங்கள் தங்கை