தென்துருவம்: துணிச்சலா, கிடங்குக் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாற்றுத் தலைவர்களிடம் நிர்வாகிகள் கற்க வேண்டியவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நார்வே அணித் தலைவர் ஆமுன்சென் தென்துருவத்தை முதலில் அடைந்ததற்கு அவருடைய துணிச்சலைக் காரணமாகச் சொல்கிறது. துணிச்சலில், அவரோடு போட்டியிட்ட பிரிட்டிஷ் அணித் தலைவர் ஸ்காட் ஒன்றும் குறைந்தவர் அல்ல. நார்வே அணி 1911 டிசம்பர் 14 அன்று துருவத்தில் நின்றது. பிரிட்டிஷ் அணி 1912 ஜனவரி 17 அன்று போய்ச் சேர்ந்தது. திரும்பும் வழியில் ஐந்து பேருமே இறந்தார்கள். இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி, பயணம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பு, 1911-இன் முதல் மாதங்களில் உணவுக் கிடங்குகள் வைக்கப்பட்டபோதே முடிவாகிவிட்டது.

ஆமுன்சென் தெற்கு அட்சரேகை 80, 81, 82-ஆம் பாகைகளில் (துருவம் 90-ஆம் பாகை) மூன்று கிடங்குகள் வைத்தார். மொத்தம் ஏறத்தாழ 3 டன். அதைவிட முக்கியம் அடையாளம். 80-ஆம் பாகைக் கிடங்கில் பயணப் பாதைக்குக் குறுக்காக, கிழக்கே பத்தும் மேற்கே பத்துமாக 20 கொடிகளை நட்டார்; ஒன்றுக்கொன்று இடைவெளி சுமார் 900 மீட்டர். ஒவ்வொன்றிலும் எண் இருந்தது. அதைப் பார்த்தால் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். பனிமூட்டத்தில் ஒன்பது கி.மீ. வரை வழி தவறி வந்தாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் பட்டே தீரும். ஸ்காட் கொடியைக் கிடங்கின்மேலேயே நட்டார். சரியான பாதையில் வருபவனுக்குத்தான் அது உதவும்.

ஸ்காட்டின் முக்கியக் கிடங்கான 'ஒன் டன்' 80-ஆம் பாகையில் அமைய வேண்டியது. 1911 பிப்ரவரி 17 அன்று குதிரைகள் தளர்ந்துவிட்டதால் 79 பாகை 29 கலையிலேயே (60 கலை ஒரு பாகை), அதாவது 57 கி.மீ. முன்னதாகவே, சரக்கை இறக்கிவிட்டார். முடியாத குதிரைகளைக் கொன்றாவது முன்னே போகலாம் என்றார் குதிரைகளுக்குப் பொறுப்பான ஓட்ஸ். ஸ்காட்டுக்கு மனம் வரவில்லை. அப்போது உடனிருந்த ஐந்து குதிரைகளில் நான்கு, முகாமுக்குத் திரும்புவதற்குள் எப்படியும் செத்துப்போயின. மறு ஆண்டு மார்ச்சில் கடைசி மூவரும் முடங்கிய கூடாரம் 79 பாகை 40 கலையில், கிடங்குக்கு சுமார் 20 கி.மீ. தெற்கே இருந்தது. திட்டமிட்டபடி வைத்திருந்தால் அந்தக் கிடங்கை அவர்கள் ஏற்கெனவே தாண்டி வந்திருப்பார்கள். அந்த மார்ச் மாதக் குளிர் வழக்கத்தைவிடக் கடுமையானது என்று வானிலைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது நியாயமானதே. ஆனால் கையிருப்பு என்று ஒன்று வைப்பதே அப்படிப்பட்ட மார்ச்சுக்காகத்தான்.

இனி ஆள் கணக்கு. ஸ்காட்டின் உணவு மூட்டை, கூடாரம், அடுப்பு எல்லாமே நான்கு பேருக்கு என்று கட்டப்பட்டவை. 1912 ஜனவரி 3 அன்று, துருவத்துக்குச் சுமார் 270 கி.மீ. இருக்கும்போது, ஐந்தாவதாக, துணை அணியில் இருந்த பவர்ஸையும் சேர்த்துக்கொண்டார். பவர்ஸின் பனிச்சறுக்குக் கட்டைகளோ சில நாள் முன்பே பின்னால் விடப்பட்டிருந்தன. மற்றவர்கள் சறுக்கிப் போக, அவர் மட்டும் நடந்தார். ஐந்து பேருக்குச் சமைக்கக் கூடுதல் நேரம், கூடுதல் எண்ணெய். நால்வராகத் திரும்ப வேண்டிய துணை அணி மூவரானது. வழியில் கட்டிய மூட்டைகளைப் பிரித்துத் தங்கள் பங்கை அளந்து எடுக்க வேண்டிய வேலை அவர்களுக்கு. ஆமுன்சென் பக்கம் நடந்தது நேர் எதிர். எட்டுப் பேருக்கென்று கிடங்கு வைத்தார், போனது ஐந்து பேர். இதில் அவருடைய மேதைமை ஒன்றும் இல்லை. செப்டம்பர் 8 அன்று அவசரப்பட்டுக் கிளம்பிக் கடுங்குளிரில் திரும்பி ஓடிவந்தபோது, பின்தங்கியவர்களை விட்டுவிட்டு வந்தார் என்று அணியைச் சேர்ந்த யோஹான்சன் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார்; அந்தக் கோபத்தில் ஆமுன்சென் அவரையும் இன்னும் இருவரையும் துருவ அணியிலிருந்தே நீக்கினார். தலைவராக அது அழகல்ல. ஆனால் மூன்று பேரின் பங்கு கிடங்கில் மிச்சமானது.

எண்ணெயும் காலை வாரியது. ஸ்காட்டின் மண்ணெண்ணெய்த் தகரங்களின் மூடியில் தோல் வாஷர். குளிரில் அது இறுக்கம் இழக்க, எண்ணெய் ஆவியாகியும் கசிந்தும் போனது. எண்ணெய் இல்லையென்றால் பனியை உருக்க முடியாது, அதாவது குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆமுன்சென் தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார்.

கட்டுரை தொடவே தொடாத ஒன்று, உத்தரவுகளின் குழப்பம். திரும்பி வருபவர்களை நாய்வண்டி எதிர்கொள்ள வேண்டும் என்று ஓர் உத்தரவு. அடுத்த பருவத்துக்கு நாய்கள் தேவை, ஆபத்துக்கு உட்படுத்தக் கூடாது என்று இன்னொன்று. ஒன் டன்னில் நாய்த் தீனி சேர்த்து வைக்கச் சொன்னது நடக்கவே இல்லை. 1912 மார்ச் 3 அன்று நாய்வண்டியோடு அங்கே வந்த ஸ்காட்டின் ஆள் செர்ரி-கரார்ட் ஒரு வாரம் காத்திருந்து மார்ச் 10 அன்று திரும்பிவிட்டார். அப்போது ஸ்காட் நூறு கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் இருந்தார். செர்ரி-கரார்டைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஒன்றோடொன்று முரண்படும் உத்தரவுகளைக் கையில் கொடுத்துவிட்டுத் தொடர்பற்ற தூரத்துக்குப் போய்விட்டவர் மீதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த இதழில் இன்னொரு அண்டார்டிகா பயணத் தலைவரான ஷாக்கிள்டன் என்று அறிவித்திருக்கிறீர்கள். 'ஒருவரைக்கூட இழக்காமல் மீட்டவர்' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அது எண்டியூரன்ஸ் கப்பலில் இருந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்கும் அதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபக்கத்தில், ராஸ் கடல் பகுதியில், அவர் வரப்போகிறார் என்று நம்பிக் கிடங்குகள் வைத்த அணியில் மூவர் இறந்தார்கள். அந்தக் கிடங்குகள் ஷாக்கிள்டனுக்குப் பயன்படவே இல்லை.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி