கவரைப் பிரித்தது நான்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதம். பைக் ஓட்டுகிறாயா? அதை மட்டும் முதலில் சொல். அம்மா கேட்கச் சொன்னாள்.

மாசியில் வந்த பதிவுத் தபாலை "அங்கேயே கிடக்கட்டும்" என்றாய். கிடந்தது, சாமி படத்துக்குப் பின்னால். போன வாரம் பிரித்துவிட்டேன். கோபப்படாதே. ராணுவத்தில் ஊனப் பென்ஷன் கேட்டு நீ போட்ட இரண்டாவது அப்பீலும் தள்ளுபடி. காரணம் அதே ஒரு வரிதான். வலிப்பு பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை, பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைக் காவல் இல்லாத அமைதியான முகாமில், ஆரம்பித்ததாம். எட்டு வருஷ சர்வீஸுக்கு ஒரு வரி!

இனி சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்தான். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ஆடி பிறந்துவிட்டது, கணக்குப் பார். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாமாம், ஆனால் நாள் தள்ளிப்போனால் பாக்கிப் பென்ஷன் பணம் மனுவுக்கு முந்தின மூன்று வருஷத்தோடு நின்றுவிடும் என்று கேன்டீனில் பார்த்த சுபேதார் சொன்னார்.

தரம்வீர் சிங் என்று ராணுவ சிக்னல்ஸ் பிரிவுச் சிப்பாய் ஒருவர். உன் வியாதியேதான், உனக்குப் போட்ட அதே 20 சதவீத ஊனம். அவர் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சேரும்போது குறை எதுவும் எழுதவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது அவர்கள் பாடு. மெடிக்கல் போர்டு காரணம் எழுதியாக வேண்டும். ஜெயித்தால் 20-ஐ 50 ஆக்கித்தான் பென்ஷன் போடுவார்களாம். ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை முதல் குரூப்பில் ஓடி முடித்தவன் நீ. உன் உடம்பில் என்ன குறை இருந்தது? அப்படிப்பட்டவன் ஒரு கவரைப் பிரிக்கப் பயப்படுகிறாய். பைக் மட்டும் வேண்டாம் தம்பி. சின்ன மாமா விஷயம் உனக்கே தெரியும்.

எழுத வேண்டியதை விட்டுவிட்டு என்னென்னவோ எழுதுகிறேன். பனி போஸ்டில் ராத்திரி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாயே, மறுநாள் எனக்குத்தான் போன் செய்தாய். எம்.ஐ. ரூமுக்கு, அந்த முகாம் டாக்டரிடம், போகாதே, உடல்தகுதிக் கேட்டகிரியை இறக்கிவிடுவார்கள், நாயக் பிரமோஷன் கிடைக்காது என்று சொன்னவன் நான். அன்றைக்கே பதிவாகியிருந்தால் பீஸ் ஸ்டேஷன் என்று எழுத அவர்களுக்கு இடமே இருந்திருக்காது. என் பையன் வலிப்புக்காரன் என்று ஊர் பேசுமே என்ற பயமும் எனக்கு இருந்தது. போர்டில் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து சொல்லப்போகிறேன்.

அந்தப் போன் பேச்சைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கட்டுமா என்று வக்கீலிடம் கேட்டேன். கொடுங்கள், எவ்வளவு எடுபடும் என்று சொல்ல முடியாது என்றார். கொடுக்கிறேன்.

வக்காலத்து இதோடு இருக்கிறது. பென்சிலால் குறித்த இரண்டு இடத்தில் கையெழுத்து. திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய கவரும் வைத்திருக்கிறேன். தபால் ஆபீசுக்கு பஸ்ஸில் போ.

அப்பா