வி.பி.என். பற்றி விமானம் ஏறும் முன்பே சொல்லுங்கள்

அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். துபாய்க்கும் அபுதாபிக்கும் வேலைக்குப் போகும் எங்கள் பகுதி இளைஞர்கள், விசா வந்த கையோடு, "அங்க வாட்ஸ்அப் கால் போகாதாம், ஒரு வி.பி.என். போட்டுக் குடுங்கண்ணா" என்று வந்து நிற்கிறார்கள். நம் இணையத் தொடர்பை வேறோர் இடத்திலுள்ள கணினி (சர்வர்) வழியாகத் திருப்பி, நம் இணைய முகவரியை மாற்றிக் காட்டும் செயலிதான் வி.பி.என். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், பேச முடியாது. நானும் பலருக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்நாட்டுச் சட்டத்தைப் படித்த பிறகே நிறுத்தினேன்.

குற்றம் செய்யவோ, அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டுபவருக்குச் சிறை அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம் என்கிறது 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டம். குறைந்தபட்ச அபராதமே நம் பணத்தில் 1 கோடி ரூபாயைத் தாண்டும். வி.பி.என். வைத்திருப்பதே குற்றமென்று அச்சட்டம் சொல்லவில்லை. வங்கிகளும் நிறுவனங்களும் அலுவலுக்காக அதைப் பயன்படுத்துகின்றன. ஆனால், தடுக்கப்பட்ட அழைப்பை அதன் வழியே பேசுவது எந்தப் பக்கம் சேரும் என்பதை, சாரத்தில் நின்று வேலை செய்யும் பையன் எப்படி முடிவு செய்வான்?

வி.பி.என். ஓடுகிறது என்பதை அங்குள்ள தொலைபேசி நிறுவனத்தால் கண்டுபிடிக்க முடியும். நாம் எப்போது, எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது அந்தச் செயலியின் சர்வரை நடத்துபவருக்குத் தெரியும். இலவசச் செயலி என்றால் அவர் யாரென்பதே பெரும்பாலும் நமக்குத் தெரியாது. வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் அதே செல்போனில்தான்.

சென்ற ஆடியில் ஓர் அம்மா வந்தார். மகன் முகம் பாதியில் உறைந்து நின்றிருந்த செல்போனை மேசைமேல் வைத்து, "டிஸ்ப்ளே மாத்துனா சரியாயிடுமா தம்பி?" என்று கேட்டார். அமீரகத்தில் அனுமதி பெற்ற போட்டிம் செயலியை அவர் செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன். மகனும் அங்கே அதற்குரிய மாதக் கட்டணத்தைக் கட்டிய பிறகு, இருவரும் பயமின்றிப் பேசுகிறார்கள்.

பெற்றவளோடு முகம் பார்த்துப் பேசுவதற்குத் தடை இருப்பதே எனக்கு உடன்பாடில்லை. அதைத் தளர்த்தும்படி ஒன்றிய அரசு வழியாகத் தாங்கள் கேட்க வேண்டும். அதுவரை, முன்பயணப் பயிற்சியில் இந்தச் சட்டத்தையும் அனுமதி பெற்ற செயலிகளின் பெயர்களையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அழைப்பின் மறுமுனையில் இருப்பவர்களும் அறிய வேண்டியதால், அதையே ஒரு பக்கத் துண்டறிக்கையாக வீட்டாருக்கும் கொடுங்கள். அச்சிட்டு அனுப்பினால், என் கடைக்கு வரும் ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணம் செல்போன் கடைக்காரர்