ஓர் ஆர்டரின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்களுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புது யோசனை, விளம்பரம், முதலீட்டாளரிடம் பேசும் விதம் எல்லாம் இருந்தன. ஒரு தொழில் அன்றாடம் எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் 32 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்தக் குறை மனதை உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

போன மாதம் என் அக்காவின் பேத்தி தன்னுடைய தொழில் திட்டத்தை எடுத்து வந்து காட்டினாள். வணிக நிர்வாகம் படித்த பெண், நல்ல சூட்டிகை. மாதாமாதம் எவ்வளவு விற்கும், என்ன செலவாகும், எவ்வளவு லாபம் என்று அழகாக அட்டவணை போட்டிருந்தாள். "சரிம்மா, இந்த முதல் மாத விற்பனைக்குப் பணம் என்றைக்குக் கைக்கு வரும்?" என்று கேட்டேன். விற்ற மாதத்திலேயே வந்துவிடும் என்று வைத்துத்தான் எல்லாக் கணக்கும் போட்டிருந்தாள். நடைமுறை மூலதனம், அதாவது விற்ற பணம் கைக்கு வரும் வரை தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்றால் என்ன என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பிப்பாள். தன் அட்டவணையில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் 22 வயதில் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

சேர்ந்த இரண்டாவது வாரம் எங்கள் தலைமைக் கணக்கர் ஓர் ஆர்டரின் நகலை என் மேசையில் வைத்தார். ஒரு வகை வால்வு, 400 உருப்படி. "ஏம்மா, உன் வழக்கமான வேலையையும் பாரு. கூடவே இந்த ஆர்டர் எங்கெல்லாம் போகுதோ அங்கெல்லாம் நீயும் போ. பணம் பேங்குக்கு வர்ற அன்னைக்கு என்கிட்ட வந்து சொல்லு" என்றார். நான்கு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தொழில் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த நான்கு மாதத்தில்தான்.

அப்போது நோட்டில் குறித்து வைத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆர்டர் வந்த நாளை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் நாள் வார்ப்புக்கு, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்த வால்வு உடல்களுக்கு, பர்சேஸ் ஆர்டர் போனது. 20ஆம் நாள் வார்ப்புகள் வந்து இறங்கின. ஸ்டோரிலேயே ஒரு வாரம் கிடந்தன. 28ஆம் நாள் லேத் என்ற கடைசல் இயந்திரத்துக்குப் போய், 30ஆம் நாள் கடைசல் முடிந்தது. அடுத்து துளை போட வேண்டும். துளையிடும் இயந்திரத்துக்கு முன்னால் மற்ற ஆர்டர்களின் உருப்படிகள் 1,170 வரிசையில் நின்றன. அந்த இயந்திரம் ஒரு நாளைக்கு 130தான் முடிக்கும். வகுத்துப் பாருங்கள், 9 நாள். சொல்லி வைத்தாற்போல் 39ஆம் நாள்தான் எங்கள் முறை வந்தது.

இந்த வகுத்தல் சாதாரணமாகத் தெரியும். ஆனால் வரிசை நிற்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும் என்று ஜான் லிட்டில் என்பவர் 1961இல் கணித முறைப்படி நிரூபித்துக் காட்டினார். சராசரியாக எத்தனை காத்திருக்கின்றன, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை முடிகின்றன, இந்த இரண்டும் தெரிந்தால் காத்திருக்கும் காலம் தெரிந்துவிடும். மேசையில் குவிந்த கோப்புக்கும் சரி, துளை போட நிற்கும் வால்வுக்கும் சரி, கணக்கு ஒன்றுதான். எங்கள் நிர்வாகம் அந்த ஆண்டு உற்பத்தியைக் கூட்டுவதற்காக இன்னொரு லேத் வாங்கியது. துளையிடும் இயந்திரத்துக்கு முன்னால் இருந்த குவியல்தான் பெரிதாயிற்று, அனுப்பிய சரக்கு கூடவில்லை. எந்த இடத்தில் வேலை தேங்குகிறதோ அந்த இடத்தின் வேகம்தான் மொத்தத் தொழிற்சாலையின் வேகம் என்பதை அங்கே நின்று கண்ணால் பார்த்தேன்.

மீதிக் கதைக்கு வருகிறேன். துளை போட்டு முடித்து, பரிசோதனையில் 22 உருப்படி கழிந்தன. அவற்றுக்கு மாற்று செய்வதா, இருப்பதை அனுப்புவதா என்று ஒரு வாரத்துக்கு மேல் பேசினார்கள். கடைசியில் 378 மட்டும் 52ஆம் நாள் டெஸ்பாட்ச் ஆனது. பில் போடுபவர் விடுப்பில் இருந்ததால் பில் 56ஆம் நாள்தான் போனது. அதிலும் ஒரு பிழை. சரக்கோடு போகும் சீட்டான டெலிவரி சலானைப் பார்க்காமல் ஆர்டர் நகலைப் பார்த்து 400க்கு பில் போட்டுவிட்டார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் கொடுக்க 60 நாள் தவணை. 116ஆம் நாள் பணம் வரவில்லை. விசாரித்தால், "சலானில் 378, பில்லில் 400. திருத்தி அனுப்புங்கள்" என்றார்கள். அவர்கள் மீது தப்பே இல்லை. திருத்தி அனுப்பி, பணம் வந்து சேர்ந்தது 131ஆம் நாள்.

தலைமைக் கணக்கரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து என்னையே எழுதச் சொன்னார். அந்த வால்வுகளின் மேல் மனிதக் கையோ இயந்திரமோ பட்ட நாட்கள் ஏறக்குறைய 8. மற்றதெல்லாம் காத்திருப்பு. அப்புறம் பணத்தின் பக்கம். வார்ப்பு கொடுத்தவர் எங்களுக்கு 30 நாள் தவணை கொடுத்திருந்தார், ஆகவே 50ஆம் நாள் அவருக்குப் பணம் போய்விட்டது. எங்களுக்கு வந்தது 131ஆம் நாள். இடையில் 81 நாள். சரக்கு எங்களிடம் இருந்தது 32 நாள், அனுப்பிய பின் பணம் வர எடுத்தது 79 நாள், இரண்டையும் கூட்டி, நமக்குக் கிடைத்த 30 நாள் தவணையைக் கழித்தாலும் அதே 81தான். "இந்த 81 நாளும் சம்பளம், மின்சாரம், வாடகை எல்லாம் யார் கொடுத்தாங்க?" என்று கேட்டார். வங்கி கொடுத்தது, வட்டிக்கு. பில் சரியாக, சரக்கோடு சேர்ந்தே போயிருந்தால் 112ஆம் நாள் பணம் வந்திருக்கும். ஒரு தாளை ஒழுங்காகப் பார்க்காததற்கு 19 நாள் வட்டி கட்டினோம்.

நடைமுறை மூலதனம் என்ற சொல்லுக்கு எனக்கு அன்றைக்குத்தான் பொருள் தெரிந்தது. உங்கள் பக்கத்தில் எழுதுபவர்கள் இந்த ஒரு கணக்கையாவது வாசகர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். லாபம் இல்லாமல் மூடிய நிறுவனங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். லாபம் இருந்தும் கையில் பணமில்லாமல் திணறுவது ஏன் என்று விளக்கமாகச் சொல்பவர்கள் குறைவு.

அதையும் பார்த்தவள் நான். பல ஆண்டுகள் கழித்து எங்கள் விற்பனை ஒரே ஆண்டில் ஒன்றரை மடங்கானது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அந்த ஆண்டுதான் ஒரு மாதம் சம்பளம் 11 நாள் தள்ளிப்போனது. லாப நட்டக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "இவ்வளவு லாபம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அது எங்கேம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மனிதர் கலங்கிப்போயிருந்தார். அவரை ஸ்டோருக்குக் கூட்டிப் போனேன். கூரை வரைக்கும் வார்ப்புகள் அடுக்கியிருந்தன. "இதில் பாதி இருக்கிறது சார். மீதி நமக்கு வரவேண்டிய பாக்கியாக மற்றவர்களின் கையில் இருக்கிறது" என்றேன். விற்பனை ஒன்றரை மடங்காகும்போது அந்த 81 நாள் இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் பணமும் ஒன்றரை மடங்காகும். வளரும் தொழிலுக்கு இந்தப் பசி அதிகம். அது முன்கூட்டியே தெரிந்திருந்தால் வங்கியிடம் மூன்று மாதம் முன்பே போய் நின்றிருப்பார். ஒரு குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை அந்த மாதம் கட்ட முடியாமல் போன தொழிலாளி ஒருவரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

தள்ளுபடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். ஒரு பொருளின் விற்பனை விலையை 100 என்று வைப்போம். மூலப்பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு என்று ஒவ்வொரு பொருளோடும் கூடுகிற செலவு 60. மீதி 40இல் இருந்துதான் வாடகை, சம்பளம் போன்ற நிலைச் செலவும் லாபமும் வர வேண்டும். பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 90, ஆனால் அந்த 60 குறையாது. மீதி 30தான். 100 பொருள் விற்றுக் கிடைத்த அதே தொகை கிடைக்க இனி 134 பொருள் விற்க வேண்டும். பத்து சதவீதம் குறைத்ததற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டுமா என்று கேட்டு நம்ப மறுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விற்பனைப் பிரிவில் சேருகிற ஒவ்வொருவரும் முதல் நாளே தன் கையால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நிலைச் செலவு, மாறும் செலவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. இங்கிலாந்தில் பீங்கான் தொழில் நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட், 1772இல் கடன் நெருக்கடி வந்து விற்பனை படுத்தபோது, தன் கணக்குகளை உட்கார்ந்து அலசினார். எவ்வளவு செய்தாலும் சில செலவுகள் மாறாமல் நிற்கின்றன, ஆகவே ஒரே வடிவத்தை அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒவ்வொன்றின் அடக்கமும் குறைகிறது என்று கண்டுகொண்டார். தன் ஊழியர் ஒருவர் பணத்தைக் கையாடியதும் அந்த அலசலில்தான் வெளியே வந்தது. நெருக்கடி வந்த பிறகுதான் அவரும் கணக்கைத் திறந்தார் என்பது என்னை யோசிக்க வைக்கிறது.

வரவு, பற்று என்றாலே இன்றைய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். கூட்டலை அது பார்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் 400க்கு பில் போட்டிருந்தால் அது 400ஐத்தான் கூட்டும். இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூகா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்டு வெளியிட்டபோது, அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் அதற்கு முன்பே கைக்கொண்டிருந்த வழக்கத்தைத்தான் எழுதி வைத்தார். பணமோ பொருளோ ஓரிடத்துக்கு வந்தால் வேறோர் இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்வி கேட்கும் பழக்கம் அது. தலைமைக் கணக்கர் என்னை ஆர்டரின் பின்னால் அனுப்பியதும் அந்த இரண்டு கேள்விகளைக் காலால் நடந்து கேட்கத்தான்.

இது முதலாளியாகப் போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த பில்லைத் தப்பாகப் போட்டவர் கெட்டிக்காரர், நேர்மையானவர். தன் மேசையில் இருக்கும் தாள் தாமதமானால் வங்கியில் வட்டி ஏறும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் அவரிடம் என் நோட்டைக் காட்டினேன். அன்றிலிருந்து சலான் வராமல் அவர் ஒரு பில் கூடப் போட்டதில்லை. டெஸ்பாட்ச் பிரிவுக்கு அவரே நடந்து போய் வாங்கி வருவார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கல்விப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். ஒரு வாரம் ஒரு தொழிற்சாலை, ஒரு வாரம் ஓர் அச்சகம், ஒரு வாரம் ஒரு மென்பொருள் நிறுவனம் என்று எடுத்து, ஒரே ஓர் ஆர்டரை முதல் நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் வேலை நடந்தது, எத்தனை நாள் காத்திருந்தது, யார் பணம் நடுவில் நின்றது என்று மூன்று வரி கடைசியில் இருந்தால் போதும். பெயர் போட வேண்டாம், தொகை போட வேண்டாம். நாட்கணக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது அறிக்கை எழுதச் சொல்வதற்குப் பதிலாக இப்படி ஓர் ஆர்டரின் பின்னால் நடக்கச் சொல்லலாம். முதல் பத்திக்கு என் நோட்டில் உள்ளதை எழுதித் தர நான் தயார்.

அக்காவின் பேத்தி தன் அட்டவணையில் 'பணம் வரும் தேதி' என்று ஒரு புதிய பத்தி சேர்த்து நேற்று அனுப்பியிருக்கிறாள். முதல் நான்கு மாதம் அது காலியாக இருக்கிறது. வரும் ஞாயிறு அந்த நான்கு மாதத்தை வைத்துக்கொண்டுதான் இருவரும் உட்காரப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்